பனைமட்டையும் பிளாஸ்டிக் பெயிண்டும்

என் ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு என் கோடுகள்மேல் ஒரு கண். நான் கித்தான் துணியில் இழுக்கிற எந்தக் கோடும் ஒற்றைக் கோடாக இருக்காது. கிளம்பின இடத்தில் ஒன்றாக இருக்கும், போகப் போகப் பத்துப் பதினைந்து இழைகளாகப் பிரிந்துவிடும். போன மாதம் ஒரு பத்திரிகைக்காரர் அதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருந்தார். பிளவுபட்ட மனம், நவீன வாழ்வின் சிதறல் என்றெல்லாம் இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். என் மனம் பிளவுபட்டது எனக்கே தெரியாமல் போய்விட்டதே என்று சிரிப்பு வந்தது.

விஷயம் அவ்வளவு பெரிதில்லை. நான் பிரஷ்ஷால் வரைவதில்லை. வெள்ளையடிக்கிற பனைமட்டையால் வரைகிறேன். மட்டையின் நுனியைத் தட்டி நாராக்கிச் சாயத்தில் தோய்த்து இழுத்தால் அப்படித்தான் இழை இழையாக விழும். அந்த மட்டை என் கைக்கு வந்தது ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில், என் மாமியார் வீட்டில். இதை இதுவரை வெளியே சொன்னதில்லை. ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று, எனக்கு மாடர்ன் ஆர்ட் வந்தது என் மாமியாரால்தான் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். எண்பது தாண்டிவிட்டது, இனிமேல் எனக்கென்ன வெட்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி, திருச்சி தெப்பக்குளத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் தூரம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஆசாரமெல்லாம் அமாவாசைக்கு அமாவாசை எட்டிப் பார்க்கும். இங்கே அது வீட்டோடு குடியிருந்தது. மாமனார் விடிவதற்குமுன் கோயிலுக்குப் போய்விடுவார், பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் அவர் ஒருவர். வீட்டு விவகாரம் எதிலும் தலையிடமாட்டார். வீடு மாமியாருடையது. ஒல்லியான தேகம், வேகமான நடை. குளித்து மடிப்புடவை கட்டிவிட்டால் யாரையும் எதையும் தொடமாட்டார். நாங்கள்தான் ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும். முதல் மாதம் முழுக்க எனக்கு அந்த வீட்டில் நண்டு நடைதான்.

என்னோடு புடவைப் பெட்டியைத் தவிர ஒரு மரப்பெட்டியும் வந்திருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தபோது எண்ணெய் வர்ணம் பழகியிருந்தேன். மாம்பழம், பூச்சாடி, யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் அவர்கள் முகம். முகம் எனக்கு நன்றாக வரும். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பெட்டிக்குள் டியூப் டியூபாக வர்ணமும், ஒரு குப்பி எண்ணெயும், ஆறு பிரஷ்ஷும் இருந்தன. மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு மாடி அறைக்குப் போய் வரைவேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவரின் முகத்தை வரைந்து கீழே கொண்டுவந்து காட்டினபோது சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"மூக்கை அப்படியே போட்டிருக்கியே. கொஞ்சம் கொறைச்சிருக்கலாமோன்னோ" என்றார்.

அவ்வளவு பெரிய பாராட்டு அந்த வாயிலிருந்து வராது என்று கணவர் பிறகு சொன்னார். நான்கு நாள் கழித்து மாமியாரே கேட்டார். "எனக்கு ஒரு பெருமாள் எழுதிக் குடேன். பெருமாள் உள்ளுல மாட்டிக்கறேன்." பூஜை அறையை அந்த வீட்டில் பெருமாள் உள் என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இரண்டு மாதம் வரைந்தேன். தச்சரிடம் சட்டம் செய்து வாங்கித் துணியை இழுத்துக் கட்டினேன். துணி வர்ணத்தைக் குடித்துவிடாமல் இருக்க முதலில் வஜ்ஜிரம் பூச வேண்டும். மரம் ஒட்டத் தச்சர்கள் வைத்திருக்கிற பசை அது. வில்லை வில்லையாக இருக்கும், தண்ணீரில் போட்டுக் காய்ச்ச வேண்டும். நாற்றம் குடலைப் பிடுங்கும். கொல்லையில் கரியடுப்பில் ஒரு தகர டப்பாவை வைத்துக் காய்ச்சினேன். "என்னடி அது?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "பசைம்மா" என்றேன். பொய்யில்லை. ஆனால் வஜ்ஜிரம் மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம், அதனால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பெருமாள் நன்றாக வந்தார். பாம்பணைமேல் சயனம், மூடியும் மூடாத கண், உதட்டோரம் ஒரு சிறு சிரிப்பு. மாமியார் அதைப் பெருமாள் உள்ளில் மாட்டித் துளசி சாத்தினார். தளிகை ஆனதும், அதாவது சமையல் முடிந்ததும், முதலில் அதற்குத்தான் நைவேத்தியம் காட்டி அமுது செய்விப்பார். அக்கம்பக்கத்து மாமிகள் வந்து சேவித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன், உள்ளுக்குள் காற்றில் மிதப்பேன்.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு சரி. என் கணவருக்கு ஒரு பழக்கம். பாங்கில் குமாஸ்தா, இங்கிலீஷில் எது அச்சிட்டிருந்தாலும் வாய்விட்டுப் படிப்பார். சோப்பு உறை, மருந்துச் சீசா, பிஸ்கட் டப்பா எதுவும் தப்பாது. அன்று காலை என் பெட்டியை முற்றத்தில் வைத்துத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பிரஷ்ஷை எடுத்து அதன் காம்பில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். படித்த கையோடு, புரியாதவர்களுக்கும் புரியட்டும் என்பதுபோல் தமிழிலும் சொன்னார்.

"பன்னி மயிராம்!"

மாமியார் அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"என்னடா சொன்னே?"

கணவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. சமாளிக்கிறேன் பேர்வழி என்று, "ஒண்ணுமில்லைம்மா. வராகப் பெருமாளும் அதுதானே" என்று இழுத்தார்.

"பெருமாள் வேற, ப்ரஷ் வேற. வாயை மூடிக்கோ."

எழுந்து என்னிடம் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"இதாலதான் பெருமாளை எழுதினயா?"

"ஆமாம்மா."

"வேற ஏதாவது உண்டா? இருந்தா இப்பவே சொல்லிடு."

வஜ்ஜிரம் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. வந்த வழியே விழுங்கிவிட்டேன்.

"இல்லைம்மா."

"சரி" என்றார். அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்தப் படத்தை என்ன செய்வது என்பதுதான் அன்றைய பெரும் பிரச்சினை. வீட்டில் வைத்திருக்க முடியாது. பெருமாள் ஆயிற்றே, கிழிக்க முடியாது, பரணில் போட முடியாது, எரிக்கிற பேச்சே இல்லை. மறுநாள் விடிந்ததும் மூவரும் கொள்ளிடத்துக்கு நடந்தோம். ஆற்றில் நல்ல தண்ணீர். கரையில் வைத்துக் கணவர் ஆணிகளைப் பிடுங்கிச் சட்டத்தைக் கழற்றினார். துணியைச் சுருட்டப் போனார்.

"சுருட்டாதேடா. பெருமாளைச் சுருட்டறதாவது" என்றார் மாமியார்.

புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படத்தை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீர்மேல் விட்டார். மூழ்கிவிடும் என்று நினைத்திருந்தோம். மூழ்கவில்லை. எண்ணெய் வர்ணம் அல்லவா, முகம் மேலே பார்க்க மிதந்தது. ஒரு சுற்றுச் சுற்றி நேராகி, அவசரமில்லாமல் வலது பக்கமாகப் போயிற்று. கொஞ்ச தூரத்தில் ஒரு மணல் திட்டில் முட்டி நின்றது. கணவர் தள்ளிவிடப் போனார், மாமியார் தடுத்துவிட்டார். தானாகவே விடுவித்துக்கொண்டு மறுபடியும் கிளம்பியது. கண்ணுக்கு மறைகிறவரை மாமியார் கூப்பிய கையை எடுக்கவில்லை.

"ஜலத்துமேலதானே சயனம்" என்று கணவர் முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். பெருமாளுக்காக அழுகிறாயா, படத்துக்காக அழுகிறாயா என்று அன்று கேட்டிருந்தால், படத்துக்காகத்தான் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருப்பேன்.

வீடு திரும்பும் வழியில் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "படம் போடாதேன்னு நான் சொல்லலை. அந்த மயிர் நம்மாத்து வாசப்படி தாண்டி வரப்படாது, அவ்வளவுதான்." எனக்கு இரண்டும் ஒன்றுதான். பிரஷ் இல்லாமல் எதால் வரைவது, நகத்தாலா? ஆறு பிரஷ்ஷையும் கணவர் பஸ்ஸில் எடுத்துப்போய்ப் பாலக்கரையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். மரப்பெட்டி பரணுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் லேசில் இறங்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் வளைய வந்தேன். கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தைதான் பதில். வாசலில் கோலம் போடச் சொன்னால் நாலு கோட்டை இழுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். சாத்தமுது என்கிற ரசத்தில் உப்புப் போதவில்லை என்றால் மறுநாள் ஒரு கை உப்பை அள்ளிப் போடுவேன். அதை அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாதத்தில் ஊற்றிச் சாப்பிடுவார். அவர் சும்மா இருக்க இருக்க எனக்கு இன்னும் ஏறும்.

வரையாமல் இருக்க என்னால் முடியவில்லை, அதுதான் உண்மை. சுவரில் வெயில் விழுந்தால் கை பரபரக்கும். ராத்திரி கண்ணை மூடினால் வர்ணம்தான் வரும். மார்கழி வந்தபோது முடிவு செய்துவிட்டேன். பொங்கல் கழிந்ததும் தெப்பக்குளத்துக்குப் போய்விடுவது, அப்பா வீட்டில் இருந்துகொண்டு வரைவது. எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது, திரும்பாமலே போனாலும் போகலாம். அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிப் புடவை மடிப்பில் வைத்திருந்தேன். தபாலில் போடவேண்டியதுதான் பாக்கி. கணவரிடம் பாதி சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோயேன்" என்று மட்டும் சொன்னார். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கு அதுவும் கோபம்.

பொங்கலுக்குமுன் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார். முற்றத்தில் சுண்ணாம்புத் தொட்டி, பக்கத்தில் ஒரு கட்டு பனைமட்டை. சாமானெல்லாம் நடுக்கூடத்தில் குவிந்து கிடந்தது. நான் ஒரு மூலையில் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் ஒரு நீளமான உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். கணவர் பெயருக்கு, டைப் அடித்து, பம்பாயிலிருந்து வந்திருந்தது. அவர் ஆபீஸில் இருந்தார். உறையை மாடத்தில் வைக்கப் போனேன்.

"பம்பாய்லேர்ந்தா?" என்று மாமியார் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். மடியில் இருந்தார், அதனால் தொடவில்லை. ஆனால் கண் உறையைவிட்டு நகரவில்லை. "பிரி, பிரி. என்ன எழுதியிருக்கான்னு படி."

பிரித்தேன். பெயிண்ட் தயாரிக்கிற ஒரு கம்பெனியின் கடிதம். தாங்கள் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறோம், தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று ஆரம்பித்தது. மூன்று கடிதமா, யார் எழுதியது என்று தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். தாங்கள் விசாரித்த பிளாஸ்டிக் பெயிண்ட் ரசாயனப் பிசின், தண்ணீர், நிறப்பொடி இவற்றால் ஆனது. இதில் கொழுப்பு கிடையாது. மீன் எண்ணெய் கிடையாது. முட்டை கிடையாது. எந்தப் பிராணியிடமிருந்து எடுத்த பொருளும் கிடையாது. துணிமேல் தாராளமாகப் பூசலாம்.

அடுத்த வரியில் என் குரல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டே?"

"துணிக்கு... துணிக்கு முதல்ல வஜ்ஜிரம் பூச வேண்டாமாம். இந்தப் பெயிண்டையே ஒரு பூச்சுப் பூசினாப் போறுமாம்."

"அதைத்தான் மூணாவது கடுதாசில கேக்கச் சொன்னேன்" என்றார் மாமியார்.

காகிதத்தைக் கீழே இறக்கினேன். "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"நீ கொல்லைல காய்ச்சறச்சே என்னமோ பசைன்னு விட்டுட்டேன். கொள்ளிடத்துல விட்டுட்டு வந்தப்பறம் ஒருநாள் வாசல் நெலையைச் செப்பனிடத் தச்சன் வந்தான் பாரு, அதே நாத்தம். என்னப்பான்னு கேட்டேன். சொன்னான்."

"கோபம் வரலையா?"

"வராம? நன்னா வந்தது. உன்னைக் கேட்டா மறுபடியும் இல்லைம்பே. இன்னொரு பொய். எதுக்குன்னு கேக்காம இருந்துட்டேன்."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. கணவரின் பாங்கில் புதிதாக பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தார்கள், வாசனையே இல்லை, தண்ணீரிலேயே கரைக்கிறார்கள் என்று அவர் ஒருநாள் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறார். நான் அடுத்த அறையில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். பெரிய கடை வீதியில் பெயிண்ட் கடைக்காரரைக் கேட்டுவரச் சொன்னார். அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. டப்பாவில் கம்பெனி விலாசம் இருக்குமே, எழுதிக் கேளு என்று மகனை உட்காரவைத்து எழுதச் சொல்லியிருக்கிறார். கொழுப்பு உண்டா, முட்டை உண்டா என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, கணவர் இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். பதில் வரவில்லை. இன்னொன்று. அதற்கும் வரவில்லை. பிறகு வஜ்ஜிரக் கேள்வியோடு மூன்றாவது. நான் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த மாதங்களில்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"உண்டுன்னு எழுதிட்டான்னா? உனக்கு இன்னொரு தடவை ஏமாத்தம். பதில் வரட்டும்னு இருந்தேன். இன்னும் என்ன எழுதியிருக்கான், முழுசாப் படி."

கடைசி வரி, தங்கள் நிறுவனத்துக்கு எத்தனை காலன் தேவைப்படும் என்பதைத் தெரிவித்தால் உடனே அனுப்ப ஏற்பாடு செய்கிறோம் என்பது. அதைச் சொன்னதும் மாமியார் சிரித்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"பெயிண்ட் ஆச்சு. இனிமே மயிருக்கு என்ன பண்றது?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கண் முற்றத்துக்குப் போயிற்று. வெள்ளையடிக்கிறவரிடம், "ஏம்ப்பா, சுண்ணாம்புல தோய்க்காத புது மட்டை இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்கம்மா. எதுக்குங்க?"

"இவ படம் போடறதுக்கு."

அவர் என்னையும் மட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதாலயா? இது சொவத்துக்குங்கம்மா. இதுல கண்ணு மூக்கெல்லாம் வராதுங்க" என்றார். ஆனாலும் மூன்று மட்டைகளைச் சின்னதாக நறுக்கி, கல்லில் வைத்து நுனியைத் தட்டி நாராக்கிக் கொடுத்தார். அன்று பொழுது சாய்வதற்குள் புடவை மடிப்பிலிருந்த கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

வெள்ளையடிக்கிறவர் சொன்னது அப்படியே பலித்தது. பாலக்கரையில் வண்டிக்குக் கூண்டு தைக்கிற கடையிலிருந்து கணவர் கித்தான் வாங்கி வந்தார். பெயிண்ட் வெள்ளையில்தான் கிடைத்தது. காவிக்கட்டியும், வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலமும், விளக்குக் கரியும் அரைத்துக் கலந்துகொண்டேன். எடுத்த எடுப்பில் முகம் போடப் பார்த்தேன். கண் ஒவ்வொன்றும் வடை அளவுக்கு வந்தது. மூக்கு என்று போட்டது ஒரு துடைப்பம்போல் நின்றது. "இது என் மூக்குதானே?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார் கணவர். எண்ணெய் வர்ணமென்றால் துடைத்துவிட்டு மறுபடியும் போடலாம். இது நான் யோசிப்பதற்குள் காய்ந்துபோகும். புடவையில் ஒட்டும், தலைமயிரில் ஒட்டும். நான்கு கித்தான் பாழாயிற்று. மட்டையைச் சுவரில் எறிந்தேன், மறுநாள் நானே தேடி எடுத்தேன்.

ஐந்தாவது கித்தானில் ஒரு மத்தியானம் முகத்தை விட்டுவிட்டேன். கீழே கரியும் நீலமும் கலந்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்தேன். மட்டை தன்பாட்டுக்கு இழை இழையாகப் போயிற்று. அதன்மேல் குறுக்கே நீளமாகக் காவியில் ஒரு பட்டை, அதற்குள் கொஞ்சம் வெள்ளை. எதையும் நினைத்துப் போடவில்லை. கை போகிற வழியில் போகவிட்டேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் எனக்குப் பிடித்திருந்தது. என்ன படம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை, ஆனால் அதில் ஒரு இழையைக்கூட மாற்றக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு நிச்சயம் அதுவரை எனக்கு வந்ததில்லை.

அதைக் கீழே கொண்டுபோகப் பயம். இதற்காகவா மூன்று கடுதாசி எழுதினோம் என்று கேட்டுவிட்டால்? சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன். மொட்டைமாடியில் உலர்த்திய வடாத்தை எடுக்க மாமியார் ஒருநாள் மேலே வந்தார். அந்த நேரம் பார்த்து அதை நான் வெளிச்சத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். திருப்பி வைக்க நேரமில்லை. வடாம் முறத்தோடு அறை வாசலில் நின்றுவிட்டார்.

"வேற ஏதாவது உண்டா இதுல?"

அதே கேள்வி. இந்தத் தடவை உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது.

"கித்தான், பெயிண்ட், காவி, நீலம், கரி. வேற ஒண்ணுமில்லைம்மா."

"சரி."

உள்ளே வந்து முறத்தைக் கீழே வைத்தார். படத்தின் எதிரே நின்றார். நான் காத்திருந்தேன். இது என்னடி என்று கேட்பார். கேட்டதும் சொல்வதற்கு ஒரு சூடான பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் அந்தப் பட்டையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகப் பார்த்தார். பிறகு திரும்பி என்னிடம் கேட்டார்.

"திருவடி எந்தப் பக்கம்?"

அதில் பெருமாள் இல்லை. யாருமே இல்லை. ஆனால் அவர் கேட்ட பிறகு நானும் பார்த்தேன். கறுத்த தண்ணீர், அதன்மேல் நீளமாக ஒன்று அவசரமில்லாமல் மிதந்து போகிறது. கொள்ளிடக்கரையில் நாங்கள் மூவரும் நின்ற காலை அது. என் கைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குமுன் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"வலது பக்கம்மா" என்றேன். ஸ்ரீரங்கத்தில் சன்னிதி முன் நிற்கிறவர்களுக்கு அந்தப் பக்கம்தான் திருவடி.

அவர் நகர்ந்து வலது பக்கம் போனார். முதலில் திருவடி, பிறகுதான் திருமுகம், ஸ்ரீரங்கத்தில் சேவிக்கிற முறை அது. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பெயிண்ட் சிந்திய அந்தத் தரையில் விழுந்து சேவித்தார். எழுந்து, "காஞ்சுடுத்தோன்னோ? கீழ எடுத்துண்டு வா" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அவர் இருந்தவரை அந்தப் படம் பெருமாள் உள்ளில் இருந்தது. துளசி சாத்தினார், அமுது செய்வித்தார். பார்க்க வந்த மாமிகள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். அவர் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. பிற்பாடு எத்தனையோ ஊரில் என் படங்களை மாட்டியிருக்கிறார்கள். அக்ரிலிக் என்ற பெயரே எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். இப்போது வருகிற அக்ரிலிக் வர்ணத்துக்கு அந்த பிளாஸ்டிக் பெயிண்ட் பெரியப்பா முறை. நல்ல நல்ல பிரஷ்ஷெல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள், எனக்குக் கை வரவில்லை. மட்டைக்கே திரும்பி வந்துவிட்டேன். என் மாமியார் என்னைத் தடுத்தார், அதனால் நான் ஓவியர் ஆனேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதிதான். தடுத்த கையாலேயே வழியும் தேடினார். என் பொய்யைத் தெரிந்து வைத்துக்கொண்டே தேடினார். அந்தக் கடனுக்கு நன்றி என்ற ஒரு வார்த்தைதான் என்னிடம் இருக்கிறது, அதை அவர் இருந்தபோது நான் சரியாகச் சொல்லவுமில்லை.

படம் பார்க்க வருகிறவர்கள் இது என்ன, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ஆனால் புதிதாக ஒரு கித்தானை இழுத்துக் கட்டி எதிரே நிறுத்தினால், மட்டையை எடுப்பதற்கு முன்னால் நான் போய் நிற்பது வலது பக்கம்தான்.